தறி நிற்கும் வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்

ஆரணியில் பட்டு நெய்யும் பல குடும்பங்களுக்கு வீடுதான் தொழிற்கூடமும். கண் மங்கி, மிதிப்பலகையில் கால் ஊன்ற முடியாத வயதில் அதைப் பிள்ளைக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டால், பெற்றோர் கையில் மிஞ்சுவது நம்பிக்கை மட்டுமே. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பிள்ளை கைவிட்டால் ரத்து செய்யக் கோரி, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகலாம். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தரும் உரிமை இது. ஆனால் அப்படியொரு நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பு. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இச்சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ளச் சொன்னது. வழக்காடித் தெரிந்துகொள்வதைவிட, நிபந்தனையையும், ஆயுள் வரை அங்கே வசிக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதிவிடுவது எவ்வளவோ மேல்.

பெற்ற பிள்ளையிடமே நிபந்தனையா என்று மனம் கூசலாம். அந்தக் கூச்சம் நியாயமானதுதான். ஆனாலும் யார் பார்த்துக்கொள்வது என்பது எழுத்தில் இருந்தால், உண்மையாகவே பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கும் அதுவே பாதுகாப்பு; உடன்பிறந்தவர்கள் நாளை கேள்வி கேட்க இடம் குறையும். 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டப்படி குடும்ப அறக்கட்டளை அமைக்கவும் வழியுண்டு. மனவளர்ச்சி குன்றிய பிள்ளை உள்ள வீட்டுக்கு அது பெரிய துணை. ஒரே வீடு மட்டும் உள்ளவர்களுக்கு உயிலே போதும்: உயிருள்ளவரை சொத்து உங்களுடையது, எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.