கிள்ளை மொழியும் பிள்ளை மொழியும்

(கிளியூரில் கூடிய நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கற்றுவல்லார் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், பள்ளிப் பிள்ளைகளோடு காலங்கழிக்கும் என்னைப் பேசப் பணித்தது தங்கள் அன்பேயன்றி என் தகுதியன்று. ஆதலின் யான் அறிந்த பொருளையே எடுத்துக்கொண்டேன். அஃதாவது, சிறு குழந்தைகள் தாமே ஆக்கிக்கொள்ளும் மொழிகள் என்பது. இது வெறும் விளையாட்டன்றோ என்பார், சிறிது பொறுத்தருள்க.

நாம் கூடியிருக்கும் ஊரின் பெயரிலேயே கிளி இருக்கின்றது. குழந்தையின் பேச்சைக் கிள்ளை மொழி என்று புலவர் பாராட்டுவது வழக்கம். இனிமைக்கு அவ்வுவமை தகும், அறிவுக்குத் தகாது. கிளி, கேட்டதைத் திருப்பிச் சொல்லும். குழந்தையோ கேளாத சொல்லையும் தானே படைத்து, ஒரு கல்லுக்கோ கந்தற் பொம்மைக்கோ பெயராக இட்டு, மறுநாளும் மறவாது அப்பெயராலேயே அழைக்கும். சொற்படைக்கும் ஆற்றல் கிளிக்கு இல்லை; பிள்ளைக்கு உண்டு.

சில ஆண்டுகட்கு முன் யான் பணிபுரிந்த ஒரு மலைப்பள்ளியில் நிகழ்ந்ததைக் கூறுகின்றேன். நான்காம் வகுப்பு மாணவர் ஐவர் தமக்குள் ‘க’ பாஷை பேசிவந்தனர். தங்களுட் பலரும் இளமையில் அதனைப் பேசியிருப்பீர்கள். உயிரோ உயிர்மெய்யோ வருமிடந்தோறும் அதன் முன் ஒரு ககரம் சேர்ப்பதே அதன் விதி. ‘வீடு’ என்பது ‘கவீகடு’ என்றாகும். ‘மரம்’ என்பது ‘கமகரம்’ என்றாகும். ஈற்று மகர ஒற்றுக்குமுன் அவர்கள் ககரம் சேர்க்கவில்லை என்பதை நோக்குக. ஒற்றுத் தனித்து அசையாகாது, முன்னெழுத்தோடு சார்ந்தே நிற்கும் என்பது யாப்பிலக்கணம். அதனை யான் பாடஞ்சொல்லிக் கொடுத்ததில்லை. அச்சிறார் தம் செவியாலேயே அறிந்திருந்தனர்.

ஆனால் அம்மொழியால் ஒரு தீங்கும் விளைந்தது. அவ்வகுப்பில் சேர்வராயன் மலையின் பழங்குடியாகிய மலையாளிகள் வகுப்பைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் இருந்தான். இம்மக்கள் கேரளத்தார் அல்லர்; மலையில் வாழ்ந்து தமிழே பேசுவோர். அவனுடைய வீட்டுப் பேச்சின் ஓசையை அவ்வைவரும் நகைப்பர். அவன் அருகில் வந்தால் ‘க’ பாஷைக்கு மாறுவர். அவருள் மூவர் நம் சமூகத்துப் பிள்ளைகள் என்பதை வெட்கத்துடன் கூறுகின்றேன். யான் சினந்து, பிரம்பெடுத்து, அம்மொழியை அறவே தடுத்தேன். அவர்கள் அதனை நிறுத்தினர். அவனோடு பேசுவதையும் நிறுத்தினர். வகுப்பு அடங்கியது, பகை அடங்கவில்லை.

ஒரு நாள் இடைவேளையில் அச்சிறுவன் தன் தங்கையோடு ஏதோ பேசிச் சிரிப்பதைக் கேட்டேன். ஒருவரும் சொல்லாமலே அவன் ‘க’ பாஷையின் விதியைக் கண்டுபிடித்திருந்தான்! ககரத்துக்குப் பகரம் மாற்றித் தனக்கென ஒரு மொழியும் செய்திருந்தான். அதில் ‘மரம்’ என்பது ‘பமபரம்’ ஆயிற்று. பம்பரம் போன்ற அவ்வொலி கேட்டு மற்றையோரும் நகைத்தனர். இம்முறை அது இகழ்ச்சி நகையன்று. நால்வர் அவனிடம் சென்று சொற்கேட்டுப் பழகினர். ஒருவன் மட்டும் இறுதிவரை சேரவில்லை. என் பிரம்பு செய்யமாட்டாததை ஒரு பகரம் பெரும்பாலும் செய்து முடித்தது. யான் தடுத்திருக்கவேண்டியது விலக்கி வைத்தலை, தடுத்ததோ மொழியை. அப்பிழையை இன்றும் நினைத்து வருந்துகின்றேன்.

குழுவினர் தமக்கெனச் சொல் வழங்குதல் நம் இலக்கணத்துக்குப் புதிதன்று. நன்னூலார் இதனைக் குழூஉக்குறி என்று தகுதி வழக்கினுள் வைத்தார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்றும் வழங்கியதை உரையாசிரியர் காட்டுவர்.

பிற நாட்டாரையும் நோக்குவோம். இங்கிலாந்தில் டோல்கீன் என்பார், விலங்கு, பறவை, மீன் இவற்றின் பெயர்களால் தம் உறவுச் சிறுமியர் அமைத்த மொழியை இளமையில் கற்றார். வளர்ந்து ஆக்ஸ்போர்டில் மொழிப் பேராசிரியரானார். தாம் புனைந்த மொழிகளைப் பற்றி 1931-இல் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினார். பல மொழியினர் பகைத்து வாழ்ந்த பியாலிஸ்டாக் நகரில் 1859-இல் பிறந்த சாமன்ஹாப், பள்ளி மாணவராயிருக்கையிலேயே ஒரு பொதுமொழி புனையத் தொடங்கினார். அதுவே 1887-இல் வெளிவந்த எஸ்பெராந்தோ.

இவற்றினும் வியத்தகு செய்தி நிகராகுவா நாட்டினது. 1970-களின் இறுதியில் மானகுவா நகரப் பள்ளியில் செவிப்புலனற்ற குழந்தைகள் ஒன்றுகூட்டப்பெற்றனர். ஆசிரியர் உதட்டசைவால் ஸ்பானிய மொழி கற்பிக்க முயன்றனர்; அது பெரிதும் பயன்படவில்லை. குழந்தைகளோ விளையாடுமிடத்தில் தத்தம் வீட்டுச் சைகைகளைக் கலந்து பேசினர். பின்வந்த சிறியோர் அதனை இலக்கண வரம்புடைய முழுமொழியாக வளர்த்தனர். தனித்திருந்தபோது வீட்டுச் சைகையளவில் நின்றது, கூடி வாழ்ந்தபோது மொழியாயிற்று. கூட்டுறவே மொழிக்குத் தாய்.

ஆதலின் பெற்றோர்க்கு யான் செய்துகொள்ளும் விண்ணப்பம் இதுவே. பிள்ளைகள் பொருளற்றவைபோல் தோன்றும் சொற்களைப் பேசினால் அதட்டாதீர்கள். அருகிருந்து விதி யாதென வினவுங்கள். தமிழ் கெட்டுவிடுமோ என்று அஞ்சவேண்டா. தமிழின் எழுத்தையும் அசையையும் உணர்ந்தவரே அவ்விளையாட்டு ஆட வல்லார். ஆனால் அம்மொழி எவரையேனும் புறத்தே நிறுத்துகின்றதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

நம் சங்கமும் ஒரு குழுவே. நமக்கும் நம் வழக்குகள் உண்டு. அவை உள்ளிருப்பாரைப் பிணிப்பனவாகுக, வெளியிருப்பாரை இழிப்பனவாகாதிருக்க. நம் பிள்ளைகள் நம்மைப் பார்த்தே குழுச் சேர்கின்றனர். அவர்கள் நம்மிடம் கிளிபோல் கற்பது இஃதொன்றுதான்.