செக்ரோல் முதல் கைப்பேசி வரை



சிங்கப்பூர் போய் வந்தவர்கள் டோபி காட் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். இந்தியில் டோபி என்றால் சலவைத் தொழிலாளி, காட் என்றால் படித்துறை. முன்னொரு காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்து, பக்கத்துத் திடலில் உலர்த்தினார்கள். இன்று அங்கே 1987இல் திறந்த ரயில் நிலையம் இருக்கிறது. மூன்று பாதைகள் வந்து கூடுகிற இடம். காலை நேரத்தில் அங்கே வேலைக்கு ஓடுகிற கூட்டத்தில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

பழைய சலவைத் தொழிலாளர் பலருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கணக்குத் தவறாது. துணியின் மூலையில் சேங்கொட்டைச் சாற்றால் ஒரு புள்ளி, ஒரு கோடு போட்டு வைப்பார்கள். எந்த வீட்டுத் துணி என்பதற்கு அதுதான் சாட்சி. துவைத்தவரும் பார்க்கலாம், கொடுத்தவரும் பார்க்கலாம்.

தோட்டத்துக் கணக்கு அப்படி இருந்ததா? விடியற்காலைப் பெரட்டில் கிராணி பேர் போட்டார். அரை நாளா, முழு நாளா என்பது செக்ரோலில் ஏறியது. புத்தகமோ அலுவலக அலமாரிக்குள். சம்பளத்தன்று காசை எண்ணும்போதுதான் குறைந்திருப்பது தெரியும். அப்போது வாதாட நம்மிடம் என்ன இருந்தது? கதவுக்குப் பின்னால் கரித்துண்டால் கோடு போட்டு வைத்த வீடுகளுக்காவது ஒரு பிடி இருந்தது.

சிங்கப்பூர் அலுவலகங்களிலும் வெகுநாள் இதே தடித்த பேரேடுதான், உறையில் போட்ட ரொக்கம்தான். 1955 ஜூலையில் அங்கே மத்திய சேமநிதி தொடங்கியது. தொழிலாளி நூற்றுக்கு 5, முதலாளி 5. விகிதம் ஏறிக்கொண்டே போய் 1984இல் ஆளுக்கு 25 ஆயிற்று. 1986இல் பொருளாதாரம் சரிந்தபோது முதலாளி பங்கு ஒரேயடியாக 10 ஆகக் குறைந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒவ்வொரு பேருக்கும் கணக்கைத் திருத்தி எழுத வேண்டும். நூறு பேர் வேலை செய்கிற இடத்தில் குமாஸ்தாவின் பாட்டை நினைத்துப் பாருங்கள்! கணினி அந்த அறைக்குள் நுழைந்ததற்கு இதுவே பெரிய காரணம் என்பது நம் எண்ணம்.

1984இல் வங்கிக்கு வங்கி பணம் மாற்றும் ஜைரோ முறை வந்தது. அதன்பின் உறை மெல்ல மறைந்தது. கணினித் தட்டில் பட்டியலைப் பதிந்து வங்கிக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. பிறகு இணையம் வந்தது. இப்போது விரல் ரேகையோ கைப்பேசியோ வருகையைப் பதிகிறது. மென்பொருள் மணிக்கணக்கைப் பெருக்கி, பிடித்தங்களைக் கழித்து, வங்கிக்கும் சேமநிதிக்கும் தகவல் அனுப்புகிறது. கூட்டலில் பிழை வருவது அபூர்வம். ஆனால் பத்து மணி நேர வேலையை எட்டு என்று பதிந்தால், இயந்திரம் அந்த எட்டையே துல்லியமாகப் பெருக்கித் தரும். கிராணியைக் கேட்க முடிந்தது. திரையை யார் கேட்பது?

இங்கேதான் சட்டம் உதவிக்கு வருகிறது. 2016 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூரில் வேலைச் சட்டத்துக்கு உட்பட்ட ஒவ்வொருவருக்கும் விவரமான சம்பளச் சீட்டு கொடுத்தாக வேண்டும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம், மிகைநேரம் எத்தனை மணி, அதற்கு எவ்வளவு என்பவை தனித்தனியே இருக்க வேண்டும். சம்பளத்தோடு கொடுக்க வேண்டும், அல்லது மூன்று வேலை நாளுக்குள். காகிதமானாலும் சரி, கைப்பேசியில் வந்தாலும் சரி; கையால் எழுதிக் கொடுத்தாலும் செல்லும்.

கைப்பேசியில் வருவதில் ஒரு சங்கடம் உண்டு. அந்தச் சீட்டு முதலாளியின் கணினியில் இருக்கிறது. வேலையை விட்டதும் கடவுச்சொல் செல்லாமல் போகலாம். விலகியவரின் கணக்கை முதலாளி ஓராண்டுதான் வைத்திருக்கக் கடமைப்பட்டவர். ஆகவே பிள்ளை தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டாயா" என்று கேட்கிற தாய்மார்கள், "இந்த மாதச் சீட்டை எடுத்து வைத்தாயா" என்றும் கேளுங்கள். மாதம் பிறந்ததும் அதைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாம். வேலை செய்த மணி நேரத்தை ஒரு சிறு நோட்டில் அவரே குறித்து வந்தால் இரண்டையும் ஒத்துப் பார்க்க முடியும். மிகைநேரத்துக்கு மணிக்கு ஒன்றரை மடங்கு என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இன்னொன்று. வேலை அனுமதிச் சீட்டில் போயிருக்கும் வெளிநாட்டவருக்கு அங்கே மத்திய சேமநிதி கிடையாது. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. அந்தப் பெயரில் அவர்கள் சீட்டில் ஏதாவது பிடித்திருந்தால் உடனே விசாரிக்க வேண்டும்.

சம்பளம், மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் வர வேண்டும். மிகைநேரக் கூலிக்குப் பதினான்கு நாள் அவகாசம். வராவிட்டால் புகார் கேட்பதற்கென்று 2017 ஏப்ரல் முதல் ஒரு முத்தரப்பு அமைப்பு இயங்குகிறது. வேலையில் இருப்பவர் ஓராண்டுக்குள் போகலாம். வேலையை விட்டவருக்குக் கடைசி நாளிலிருந்து ஆறு மாதம்தான். போகும்போது சீட்டுகளையும் அந்தச் சிறு நோட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.