கதவருகில் ஒரு கேள்வி

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு விழா மேடையிலே ஆங்கில இலக்கணமா என்று சிலர் முகஞ் சுளிக்கக் கூடும். திருமுறையையும் திருக்குறளையும் எடுத்துரைக்க வல்லார் இந்த அவையிற் பலர் உளர். நாமோ, எமது பிள்ளைகள் கந்தோர்க் கதவருகில் நின்று கேட்கும் ஒரு சின்னஞ்சிறு கேள்வியைப் பற்றிப் பேச வந்துள்ளோம். ‘நான் வரலாமா?’, ‘நான் எடுக்கலாமா?’, ‘நான் உதவட்டுமா?’ என்று தன் செயலைக் குறித்துப் பிறரிடம் கேட்கும் கேள்வி அது. அதனை ஆங்கிலத்தில் மரியாதை கெடாமற் கேட்பது எங்ஙனம் என்பதே இன்றைய பொருள்.

‘மே ஐ கம் இன், சேர்?’ கல்முனையிலே பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் இது மனப்பாடம். அதனுள் ஐந்து சொல் உண்டென்று பிள்ளை அறியாது; எல்லாம் ஒரே மூச்சு. உள்ளே வந்த பின்னரே இடர் தொடங்குகின்றது. மனனஞ் செய்த மந்திரம் முடிந்துவிட்டது. இனிச் சொந்தமாகக் கேட்க வேண்டும். ‘ஐ வாண்ட் எ லெட்டர்’, ‘கிவ் மீ த போம்’ என்கின்றான் வளர்ந்த பிள்ளை. வாசலிற் பணிந்து நின்றவன் மேசையருகில் வந்து அதிகாரஞ் செய்கின்றானே என்று கேட்பவர் நினைக்கின்றார். அவன் நெஞ்சிலே அதிகாரம் இல்லை. ‘தாங்க சேர்’ என்பதையே ஆங்கிலத்திற் சொல்லிவிட்டதாக அவன் நம்புகின்றான். தமிழில் மரியாதை ‘தாங்க’ என்பதன் ஈற்றிலே ஒட்டியிருக்கின்றது. ஆங்கில வினைக்கு அத்தகைய வால் இல்லை. மொழிபெயர்க்கும்போது அந்த ஈறு வழியில் விழுந்துவிட, வெறும் ஏவல் மட்டும் போய்ச் சேருகின்றது.

இதன் விலை என்னவென்று நாம் அறிந்தது 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதிக்குப் பின்னரே. கடல் எமது கரையோரத்தை அழித்த அந்நாட்களில், அகதிகள் தங்கியிருந்த பாடசாலை ஒன்றிலே, வெளிநாட்டிலிருந்து வந்த தொண்டர்களுக்கு மொழிபெயர்த்து உதவினோம். தம் வாழ்நாளில் எவரிடமும் கைநீட்டியறியாத ஓர் அம்மையார் மேசைக்கு முன் வந்தார். ‘மனே, ஒரு கூடாரம் எடுக்கலாமா எண்டு துரைக்கிட்டக் கேளு’ என்றார். நாம் ‘ஷீ வாண்ட்ஸ் எ டென்ட்’ என்றோம். தொண்டர் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. எல்லாருக்குந்தான் வேண்டும் என்று அலுப்போடு முணுமுணுத்தார். அம்மையாருக்கு ஆங்கிலம் தெரியாது; குரல் தெரியும். எம்மைப் பார்த்து, ‘நான் கேட்டதைத்தானா மனே சொன்ன?’ என்றார். எமக்கு நாக்கு எழவில்லை.

அன்றிரவு யோசித்துப் பார்த்தோம். இரத்தலுக்கு எமது முன்னோர் எவ்வளவு நுட்பமாக இலக்கணம் வகுத்தார்கள்! ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்னும் மூன்று சொற்களையும் தொல்காப்பியமும் நன்னூலும் தரம் பிரித்துக் காட்டுகின்றன. தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் ‘ஈ’ என்பான். ஒத்தவனிடம் ‘தா’ என்பது வழக்கு. உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் ‘கொடு’ என்பான். ஆங்கிலேயனுக்கோ ‘கிவ்’ என்ற ஒரு சொல்லே மூன்றிற்கும் போதும். ஆயின், அவன் தராதரம் அறியாதவன் அல்லன். தராதரத்தை அவன் வேறிடத்தில் வைத்திருக்கின்றான். ‘கான்’, ‘குட்’, ‘மே’, ‘ஷல்’, ‘ஷுட்’ என்னும் துணைவினைகளே அந்த இடம்.

இச்சொற்களின் பிறப்பைப் பார்த்தால் பொருள் விளங்கும். ‘கான்’ என்பது பழைய ஆங்கிலத்தில் அறிந்திருத்தலைக் குறித்தது. அறிந்தவனால் இயலும் என்ற வழியிலே இயலுதற் பொருள் வந்தது. ‘மே’ முன்னர் வலிமையைக் குறித்துப் பின்னர் அனுமதிக்கு வந்தது. ‘ஷல்’ என்பதன் மூலப் பொருள் கடன்பட்டிருத்தல். ஆதலின் ‘ஷல் ஐ?’ என்று கேட்பவன், ‘நான் செய்யக் கடவதோ? உமது விருப்பம் யாது?’ என்று கேட்கின்றான்.

நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தார். அவற்றுட் கொளல் வினா ஒன்று, கொடை வினா ஒன்று. தாம் பெறுவதற்குக் கேட்பது முன்னது, பிறர்க்குக் கொடுப்பதற்குக் கேட்பது பின்னது. இந்த அளவுகோலை ஆங்கிலத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ‘மே ஐ ஹாவ் சம் வாட்டர்?’ என்பது கொளல். ‘ஷல் ஐ பிரிங் யூ சம் வாட்டர்?’ என்பது கொடை. தண்ணீர் ஒன்றுதான், குடிப்பவர் வேறு. இதை ஒருமுறை மனத்திற் பதித்துக்கொண்ட பிள்ளை ‘மே’யையும் ‘ஷல்’லையும் பின்னர் மாற்றி வைக்க மாட்டான்.

ஏன் மாற்றி வைக்கின்றான் என்றால், குற்றம் எமது ‘அட்டுமா’வில் இருக்கின்றது. ‘உங்களுக்குத் தேநீர் ஊற்றட்டுமா?’ என்பதும் ‘அட்டுமா’. ‘நேரமாகிறது, நான் போகட்டுமா?’ என்பதும் ‘அட்டுமா’. முதலாவது உபகாரம், அங்கே ‘ஷல் ஐ’ பொருந்தும். இரண்டாவது விடை கேட்டல். அங்கே ‘மே ஐ கோ நௌ?’ என்பதே முறை. மேலதிகாரியிடம் ‘ஷல் ஐ கோ?’ என்றால், போவதா இருப்பதா என்று அவருடைய கட்டளைக்குக் காத்திருப்பதாக அவர் கொள்ளக் கூடும். ‘லாமா’ என்று முடியும் கேள்விக்கு ‘மே’ அல்லது ‘கான்’ என்று கொள்க. எமது ஊர்ப் பேச்சில் ‘ஏலுமா’ என்போமே, அது ‘கான்’. பலர் கூடிப் ‘போவோமா?’ என்பதற்கு ‘ஷல் வி கோ?’ என்பது அச்சொட்டாகப் பொருந்தும்.

‘கான் ஐ’ என்று அனுமதி கேட்டாற் பழைய ஆசிரியர்கள் விடமாட்டார்கள். ‘கான் ஐ கோ அவுட், சேர்?’ என்ற மாணாக்கனுக்கு, ‘உனக்குக் கால் இருக்கின்றதே, இயலுந்தான், அனுமதியை அல்லவா கேட்க வேண்டும்?’ என்று பதில் வரும். இன்று ஆங்கிலேயரே நண்பரிடையிலும் கடையிலும் ‘கான் ஐ’ என்றுதான் கேட்கின்றனர், அது பிழையன்று. நேர்முகப் பரீட்சையிலும் முன்பின் அறியாதவரிடத்தும் ‘மே ஐ’ அல்லது ‘குட் ஐ’ நலம். ‘மைட் ஐ’ என்பது இக்காலத்தில் மிகையான உபசாரமாகத் தோன்றும், அதை விட்டுவிடலாம்.

‘குட்’ என்பது ‘கான்’ என்பதன் இறந்தகால வடிவம் அல்லவா, நாளைய காரியத்துக்கு அது எப்படி வரும் என்று இளைஞர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. இறந்த காலம் என்பது தூரம். காரியத்தைச் சற்றுத் தூரத்தில் வைத்துக் கேட்டால், மறுப்பவருக்கு மறுக்க இடம் கிடைக்கும். அந்த இடந்தான் மரியாதை. நாமும் இதைச் செய்கின்றோம். அயல்வீட்டுக்குச் சென்று, ‘ஒரு விசயம் கேப்பமெண்டு வந்தன்’ என்று தொடங்குகின்றோம். வந்தது இப்பொழுதுதான், கேட்கப் போவதும் இனித்தான். ஆயினும் ‘வந்தன்’ என்று பின்னே தள்ளுகின்றோம். ஒன்றை மாத்திரம் மறவாதீர்கள். ‘குட் ஐ யூஸ் யுவர் பென்?’ என்று ஒருவர் உங்களிடம் கேட்டால், ‘யெஸ், யூ கான்’ என்று விடை சொல்லுங்கள். ‘யூ குட்’ என்றால், தரவும் மனமில்லை மறுக்கவும் மனமில்லை என்பது போலாகும். கொடுப்பவன் தூரத்தில் நிற்கலாகாது.

ஆலோசனை கேட்பதற்கு ‘ஷுட் ஐ’. வைத்தியரிடம் மருந்தைக் காட்டி, ‘ஷுட் ஐ டேக் திஸ் பிபோர் மீல்ஸ்?’ என்று கேட்பது அழகு. அதே இடத்தில் ‘மஸ்ட் ஐ?’ என்றால், ‘கட்டாயந்தானா, விடமாட்டீரா?’ என்ற சலிப்புத் தொனிக்கும். ‘வில் ஐ’ என்பதைப் பெரும்பாலும் தவிர்க்க. எமது எண்ணத்தைப் பிறரிடம் விசாரிப்பது போல அது நகைப்புக்கு இடமாகும். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் ‘ஷல் ஐ’ என்னுமிடத்தில் ‘வில் ஐ’ என்றே வழங்குவர். ‘ஷல்’, ‘வில்’ பேதத்தை 1653இல் விதியாக எழுதியவர் ஜோன் வாலிஸ் என்னும் கணித மேதை. கணக்கிலே முடிவிலிக்கு அடையாளம் தந்தவரும் அவரே. அவரது விதிகள் மாணாக்கரை வருத்திய வருத்தத்துக்கும் முடிவில்லைப் போலும்!

‘ப்ளீஸ்’ என்பதையோ ‘கைன்ட்லி’ என்பதையோ ஒட்டிவிட்டாற் போதாதா என்பர் சிலர். ‘கைன்ட்லி கிவ் மீ’ என்றாலும் அது ஏவலே, உறையிலிட்ட கத்தி. வேறு சிலர் வாக்கியத்துக்கு நான்கு ‘சேர்’ போடுகின்றனர். இது எமக்கு இன்னும் வருத்தந் தருகின்றது. குனிவது வேறு, மரியாதை வேறு. காரைதீவிற் பிறந்து, இக்கல்முனையிலும் கல்வி பயின்று, இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் பெற்ற சுவாமி விபுலாநந்தர், ‘பிரபுத்த பாரதா’ என்னும் ஆங்கில இதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். ஆங்கிலத்தில் எழுதினாரென்று அவர் தலை தாழ்ந்ததில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழி என்கின்றது. இணைப்பு என்றால் இருவரும் நேருக்கு நேர் நிற்பதல்லவா?

அந்த அம்மையாரிடம் திரும்புவோம். மறுநாட் காலை அவரைத் தேடிப்பிடித்து, அதே மேசைக்கு அழைத்துச் சென்றோம். இம்முறை ‘ஷீ வாண்ட்ஸ்’ என்று அவரை மூன்றாம் ஆளாக்கவில்லை. அவர் கேட்டதை அவர் வாயாலே கேட்பது போல, ‘மே ஐ டேக் எ டென்ட்?’ என்றோம். தொண்டர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். எம்மைப் பார்க்கவில்லை, அம்மையாரைப் பார்த்தார். கூடாரங்கள் தீர்ந்துவிட்டன, மன்னிக்க வேண்டும் என்றார். அம்மையார் தலையசைத்து, ‘அப்ப நான் போயிட்டு வரட்டா?’ என்றார். இதை எப்படிச் சொல்வது! போவதற்கு விடை கேட்டு, வருவேன் என்று சொல்லும் தமிழை எந்தத் துணைவினை தாங்கும்? திகைத்துப் போய், ‘மே ஐ கோ நௌ, அன்ட் கம் பாக்?’ என்றோம். ‘ஒவ் கோர்ஸ்’ என்ற அவர், அம்மையார் மறுபடியும் வருவதாகச் சொல்லுகின்றார் என்றெண்ணி, அடுத்த நாளைய பட்டியலை எடுத்து முதல் வரியிலே அவர் பெயரை எழுதிக்கொண்டார்.