இடிச்ச கோட்டைக்கு ஏது படம்?

நான் ஓட்டப்பிடாரத்துக்காரன். வ.உ.சி. பிறந்த மண்ணு. கொஞ்சம் சூடாத்தான் பேசுவேன். (கைதட்டல்)

'வெள்ளைக்காரன் படம் எடுக்கலேன்னா நம்ம பழம்பெருமை தெரிஞ்சிருக்குமா?' என்று கேட்டார் எதிரணி நண்பர். பாதி ஒப்புக்கொள்கிறேன். லின்னேயஸ் டிரைப் என்று ஒரு ராணுவ கேப்டன். 1858-ல் சென்னை அரசாங்கத்துக்காக மதுரை, தஞ்சாவூரெல்லாம் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு!

ஆனா ஒண்ணு. அந்தக் காலத்துக் கேமராவில் அசைஞ்ச ஆள் பதியமாட்டான். பூசை நடக்கிற கோயில், பூக்காரி உட்கார்ந்திருக்கிற வாசல், எல்லாம் ஆளரவமில்லாமல் விழுந்தது. லண்டனில் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? 'பாவம், பாழடைஞ்ச தேசம். நாம போய்க் காப்பாத்தணும்.' கேப்டன் பொய் சொல்லலே ஐயா! படம் பாதியைத்தான் சொல்லுச்சு.

இப்ப எங்க ஊர்ப் பக்கம் வாங்க. பாஞ்சாலங்குறிச்சி! கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கிலே போட்டாங்க. 1801-ல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி வந்து கோட்டையை மறுபடி எழுப்பினான். அதே வருஷம் மே மாசம் கம்பெனிப் படை அதைப் பிடித்துத் தரைமட்டமாக்கியது. உலகத்துக்குக் கேமரா அறிமுகமானது 1839-ல். அதுக்குள்ளே படம் எடுக்க ஒரு குட்டிச்சுவரும் மிச்சமில்லை! மிச்சமானதைப் படம் பிடிச்சவனைப் புகழுறோம். மிச்சமில்லாமல் இடிச்சது யாருன்னு கேக்க வேண்டாமா? (பலத்த கைதட்டல்) 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டைதான் இன்னைக்கு நீங்க பார்க்கிறது.

கடைசியா, வீட்டுக் கதை. பருத்தி எடுத்துக்கிட்டிருந்த எங்க ஆச்சியை வெளியூர்க்காரர் ஒருத்தர் படம் எடுத்தார். அது ஒரு காலண்டரில் வந்தது. கீழே என்ன போட்டிருந்தது தெரியுமா? 'கிராமத்து மூதாட்டி.' ஆச்சி அதைத் தடவிப் பார்த்துட்டு, 'பேரைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனடா' என்றாள்.

நடுவர் அவர்களே, கேட்கவில்லை. அன்னைக்கும் கேட்கவில்லை, இன்னைக்கும் கேட்கவில்லை! தாய்மார்களே, இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டுப் பழைய படங்களை எடுங்க. பின்னாடி பேரை எழுதுங்க. நம்ம ஆளுக்கு நாமதான் பேர் எழுதணும்.