காயகற்பம் எங்கே இருக்கிறது?



உங்கள் வயதென்னவென்று கேட்டால், பிறந்த வருஷத்தைக் கணக்கிட்டுச் சொல்லுவீர்கள். இன்னும் எத்தனை காலம் இருப்பீர்களென்றால், அது ஜாதகத்தில் இருக்கிறதென்பீர்கள். ஆனால் சரீரத்திற்கென்று தனியாக ஒரு வயது உண்டென்பதை நம்மில் அநேகர் யோசிப்பதேயில்லை. ஒரே நாழிகையில் பிறந்த இருவரில் ஒருவர் ஐம்பதில் கோலூன்றுகிறார். மற்றவர் அறுபதிலும் மேடேறுகிறார். ஜாதகம் ஒன்றாயிருக்க, சரீரம் இரண்டாய்ப் போவானேன்?

1953-ல் லண்டனில் ஜெரி மாரிஸ் என்னும் வைத்தியர் பஸ் தொழிலாளர்களைப்பற்றி ஆராய்ந்து வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் நாளெல்லாம் படியேறியிறங்கி டிக்கட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாயிருந்தது. 2013-ல் அமெரிக்காவில் ஸ்டீவ் ஹார்வத் என்னும் விஞ்ஞானி, உயிரணுக்களின் மரபுப் பொருளில் காணும் இரசாயன அடையாளங்களைக்கொண்டு சரீரத்தின் வயதைக் கணக்கிடும் முறையொன்றை வெளியிட்டார். அவ்வழியில் பின்னர் நடந்த ஆராய்ச்சிகளில், புகை பிடிப்போரின் சரீரம் பிறந்த கணக்கை முந்திக்கொண்டு மூப்படைவதாகக் காணப்பட்டது. இக்கணக்கு தனி மனிதனுக்குப் பிசகாமல் பொருந்துமளவு இன்னும் வளரவில்லை. ஆயினும் சோதித்துத் திருத்திக்கொள்ளக் கூடியது. ஜாதகத்தை யார் திருத்தினார்கள்?

நிற்க. இக்கொல்லிமலையில் சித்தர்கள் கற்ப மூலிகையுண்டு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தார்களென்று சொல்லுகிறார்கள். மூலிகையில் மருந்தே இல்லையென்று நாம் சொல்லவில்லை. அம்மூலிகைகளின் நடுவிலேயே பிறந்து வளரும் மலைமக்களில் முந்நூறு வயதுக்காரர் ஒருவரையாவது காட்டுங்கள் என்றுதான் கேட்கின்றோம்.

இம்மலையில் காயகற்பம் என்று ஒன்று உண்டானால், அது குகையிலில்லை; சாமை, தினை, கேழ்வரகு விளைந்த காட்டிலும், மேடுபள்ளம் ஏறியிறங்கிய காலிலும்தான் இருந்தது. மரவள்ளி பணப்பயிராய்ப் பரவவே சாமைக்காடு சுருங்கிற்று. காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளில் மோட்டார் ஏறவே நடையும் குறைந்தது. ரோடும் பணமும் வேண்டாமென்பவன் மூடன். பிரசவ வேதனைப்படும் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது அந்த ரோடுதான். ரோடு வந்ததென்று காலையும், பணம் வந்ததென்று களியையும் ஏன் விடவேண்டும் என்பதே நமது கேள்வி.

அன்றியும், பாடுபட்டால் ஆயுள் கூடுமென்று கூலிக்காரரை வேலைவாங்குவோர் இதைச் சாக்காகக் கொள்ளவேண்டாம். அரை வயிற்றுக் கஞ்சியுடன் ஓய்வின்றி விறகு சுமக்கும் பெண்ணுக்கு அது தேகப்பயிற்சியாகாது, தேய்மானமேயாகும். உழைப்புடன் வயிறார உணவும், உறக்கமும், வைத்தியமும் சேர்ந்தாலே சரீரம் நிலைக்கும். அவற்றைக் கேட்டுப் பெறுவது பிச்சையல்ல, உரிமை.

ஆகவே தோழர்களே! வாரத்திற்கு 150 நிமிஷமாவது விரைந்து நடக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. நடவுங்கள். புகையிலையையும் சாராயத்தையும் விடுங்கள். ஜோசியனுக்குக் கொடுக்கும் காசுக்குச் சாமையரிசி வாங்குங்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாம் சொல்லுவதாலேயே இதை நம்பிவிடாதீர்கள். ஆறு மாதம் நடந்து பாருங்கள். பிறகு ஜோசியனையும் கேட்கவேண்டாம், நம்மையும் கேட்கவேண்டாம். மேடேறும்போது உங்கள் மூச்சையே கேளுங்கள்.