பள்ளி அடுப்பு அணையக் கூடாது

(யூபிலி விழாவையொட்டிப் பங்கு மண்டபத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பள்ளிப் பிள்ளைகளின் உணவைப் பற்றியும், புயல் வெள்ளக் காலத்தில் மக்களுக்கு உணவளிப்பது பற்றியும் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். இவை இரண்டும் வெவ்வேறு காரியங்கள் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இரண்டுக்கும் அடுப்பு ஒன்றுதான் என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

முதலில் பள்ளி உணவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920ஆம் ஆண்டில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. பெருந்தலைவர் காமராசர் 1956இல் அதனை மாநிலம் தழுவிய இயக்கமாக்கினார். ஊரார் கொடுத்த நெல்லும் காய்கறியும் விறகும்தான் அதற்கு முதல் மூலதனம். 1961 முதல் 'கேர்' நிறுவனத்தின் வழியே அமெரிக்க உணவுப் பொருள்கள் வந்தன. கோதுமை ரவை உப்புமாவின் வாசனையும், பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்த பாலின் சுவையும் நம் மூத்தவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். 1982 ஜூலை முதல் நாள், திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 2022இல் காலை உணவும் வந்தது. அது மாநிலமெங்கும் விரிவடைந்தது நம் நாகை மாவட்டத்துத் திருக்குவளையிலிருந்துதான். நாள் 2023 ஆகஸ்டு 25. மறு ஆண்டு அது ஊரகத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தபோது, தொடக்க விழா திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் பள்ளியிலேயே நடந்தது.

இவ்வளவும் மகிழ்ச்சிக்குரியவையே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். புயல் வருகிறது என்றவுடன் முதலில் வரும் அறிவிப்பு எது? பள்ளிகளுக்கு விடுமுறை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளுக்கு மதிய உணவை உரிமையாக்கியது; அந்தச் சட்டமும் பள்ளி விடுமுறை நாட்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே, வீட்டில் அடுப்பெரியாத அந்த நாளிலேதான் பள்ளியிலும் அடுப்பெரியாமல் போகிறது. மறுநாள் அதே பள்ளிக் கட்டடம் நிவாரண முகாமாகத் திறக்கப்படும். சமையற்கூடத்தின் பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். இதுவே நாம் அடைக்க வேண்டிய ஓட்டை.

நமது சோழநாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1952 நவம்பரில் நமது தஞ்சை மறைமாவட்டம் உருவாயிற்று. அதே மாதம் 30ஆம் நாள் நாகை பக்கம் பெரும்புயல் கரையேறியது. 1977 நவம்பர் 12இல் அடித்த புயலில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காற்றின் வேகம் தஞ்சை, திருச்சி வரை குறையவில்லை. 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா வந்தது. பாருங்கள், எல்லாம் ஐப்பசி, கார்த்திகை. சம்பாப் பயிர் வயலில் நிற்கும் காலம். அறுவடையோ தை, மாசியில். குறுவை கண்ட மிராசுதாரர் வீட்டுப் பத்தாயத்தில் நெல் இருக்கும். நடவும் களையும் முடிந்து, அறுப்பு வரும்வரை வேலையின்றிக் காத்திருக்கும் கூலித் தொழிலாளி வீட்டில் என்ன இருக்கும்? நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற நாட்டில் கலயம் காலியாக இருக்கிற மாதத்தைப் பார்த்தே புயலும் வருகிறது.

கஜாவின்போது நாம் கற்றது என்ன? மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மின்சாரம் போனதும் மோட்டார் ஓடவில்லை. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. அரைவை மில்லும் நின்றது. நெல் இருந்தும் அரிசி இல்லை, அரிசி இருந்தும் தண்ணீர் இல்லை என்ற நிலை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அப்போது உதவிக்குப் பஞ்சமில்லை. நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் பொட்டலங்கள் மிஞ்சின. உள்ளடங்கிய குப்பங்களிலும், தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புகளிலும் கைகள் ஏந்தியபடியே நின்றன. குறை பொருளில் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது.

ஆகவே கணக்கோடு பேசுவோம். தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு மதிய உணவுக்கு 100 கிராம் அரிசி. 200 பிள்ளைகள் என்றால் நாளொன்றுக்கு 20 கிலோ. பேரிடரில் தஞ்சம் புகுந்தவர்களுக்கு வேறு உணவே கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி வேண்டும் என்பது உலகளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. ஏறத்தாழ 400 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய். 500 பேருக்கு மூன்று நாளைக்கு 600 கிலோ அரிசி, அதாவது 50 கிலோ மூட்டை பன்னிரண்டு. பருப்பு 90 கிலோ. எண்ணெய் ஏறக்குறைய 40 கிலோ. வெளி உதவி வந்து சேரும்வரை அந்த மூன்று நாளைத்தான் நாம் தாங்க வேண்டும். பன்னிரண்டு மூட்டை அரிசி இந்தப் பங்குக்கு மலையா?

இதற்காகச் சில ஏற்பாடுகளைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

ஒன்று: புரட்டாசி முடிவதற்குள் அரிசி, பருப்பு, உப்பு, புளி, எண்ணெய் சேர்த்து, தரையில் படாமல் மரப்பலகை மேல் அடுக்க வேண்டும். புயல் வராமல் போனால், தையில் பழைய அரிசியைப் பயன்படுத்திவிட்டுப் புதியதை அடுத்த ஐப்பசிக்கு வைப்போம். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. மூவாயிரம் கலம் கொள்ளும் என்பார்கள். சேமிப்பு இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

இரண்டு: சமையற்கூடத்துச் சாவி யாரிடம் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சத்துணவு அமைப்பாளர், தலைமையாசிரியர், ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர் ஆகியோரோடு இப்போதே கலந்து பேசி, வட்டாட்சியரின் ஒப்புதலையும் பெற்று வைப்போம். நூற்றுக்கணக்கானோருக்குச் சமைத்துப் பழகிய கைகள் சமையலரும் உதவியாளருமே; அவர்களுடைய வீடும் இடிந்திருக்கக்கூடும். ஆகவே அவர்களுக்குத் துணையாகப் பத்துப் பெண்களும் பத்து இளைஞர்களும் பெயர் கொடுக்க வேண்டும். நம் திருவிழா அண்டாக்களும் அங்கே போகட்டும்.

மூன்று: நனையாத விறகு, உபரி எரிவாயு உருளை, மின்சாரம் வேண்டாத அடிபம்பு. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் தேவை. குடிக்கும் நீரைக் கொதிக்க வைக்க வேண்டும்.

நான்கு: பெரிய அடுப்பு மூட்டும்போது கீற்றுப் பந்தல் பக்கத்தில் இருக்கவே கூடாது. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் பிடித்த தீ, கூரைக்குத் தாவி 94 பிஞ்சுகளைக் கருக்கியது. தஞ்சை மாவட்டத்தில் அடுப்பைப் பற்றிப் பேசுகிறவன் அதை மறந்து பேச முடியாது.

ஐந்து: வீடு வாரியாகப் பட்டியல் வேண்டும். கைக்குழந்தைகள், கருவுற்ற தாய்மார், நடக்க முடியாத முதியோர் யார் யார் என்று அதில் இருக்க வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் பவுடரை அள்ளிக் கொடுப்பது தருமமாகத் தோன்றும். அசுத்த நீரில் கரைத்தால் அதுவே வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். தாய்க்கு வயிறு நிறையச் சோறு போடுங்கள். தாய்ப்பால் பிள்ளையைக் காக்கும்.

இன்னொன்று, எல்லாவற்றிலும் முக்கியமானது. பள்ளியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே கரண்டிச் சோற்றை உண்கிறார்கள். முகாமிலும் அதே பந்திதான் இருக்க வேண்டும். நம்மவர், பிறர், மேலத்தெரு, கீழத்தெரு என்று தனித்தனி இலை விழுமானால், நாம் சேர்த்த பன்னிரண்டு மூட்டையும் வீண்.

மழையில்லாக் காலமும் பேரிடர்தான். 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பள்ளி உணவு தர வேண்டும் என்று 2004ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அரிசியும் பருப்பும் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. ஆக, விடுமுறை என்றால் உணவும் இல்லை என்பது மாற்ற முடியாத விதியல்ல. கேட்டால் கிடைக்கும், கேட்பதற்கு ஊர் ஒன்றுபட வேண்டும்.

யூபிலியின் நினைவாகக் கல்வெட்டு வைக்கிறோம், நல்லதே. அதனோடு பன்னிரண்டு மூட்டை அரிசியும், ஒரு பெயர்ப் பட்டியலும், ஒரு மாற்றுச் சாவியும் வைப்போம். அடுத்த புயல் எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் அன்று நம் பள்ளியில் அடுப்பு எரியுமா என்பதை இன்றே நாம் முடிவு செய்யலாம்.