எல்கடுவையில் ஒரு பிரியாவிடை

(பழைய மாணவிகள் சங்கத்தின் சேவைக் கழகம் எல்கடுவையில் நடத்திய மாதாந்தக் கூட்டத்தில், நீண்டகால உறுப்பினர் ஒருவருக்கு விடைகொடுத்து ஆற்றப்பட்ட உரை)



சென்ற கூட்டத்தின் அறிக்கை வாசிக்கப்பட்டது. கணக்கறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. நிகழ்ச்சி நிரலில் மூன்றாவதாக இருப்பது எங்கள் மூத்த உறுப்பினரின் பிரியாவிடை. பிள்ளைகளோடு இருப்பதற்காக அவர் அடுத்த மாதம் கனடா செல்கிறார். பொன்னாடை வேண்டாம், பரிசு வேண்டாம், நூற்றாண்டு மலரில் தன் பெயரும் படமும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகவே நாங்கள் எப்போதும் அழைப்பதைப் போல அக்கா என்றே சொல்கிறோம். தோட்டத்துத் தாய்மாருக்கு அவர் டீச்சரம்மா.

எங்கள் கழகம் முதன்முதலில் எல்கடுவைக்கு வந்தபோது கொப்பி, பென்சில், சீருடைத் துணி கொண்டுவந்தோம். தாய்மார் நன்றியோடு வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் கொடுத்து முடிந்த பிறகு ஒரு தாய் மட்டும் போகாமல் நின்றார். முந்தானையில் சுற்றி வைத்திருந்த ஒரு கடதாசியை எடுத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சிங்களத்தில் வந்திருந்த அரசாங்கக் கடிதம். வந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. அக்கா அந்தத் தாயை அருகில் இருத்தி, வரி வரியாகத் தமிழில் சொல்லி, பதிலும் எழுதிக்கொடுத்தார். அடுத்த மாதம் அதே இடத்தில் ஆறு பேர் கடதாசியோடு காத்திருந்தார்கள். எங்கள் எழுதுமேசை அப்படித்தான் தொடங்கியது.

ஒரு கடதாசிக்கு இத்தனை பெரிய இடமா என்று வெளியூரில் இருக்கும் எங்கள் சகோதரிகள் கேட்கலாம். மலையக மக்களின் வரலாற்றைப் பார்த்தால் விடை கிடைக்கும். கோப்பிக் காலத்தில் எமது மூதாதையர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் நோயிலும் பசியிலும் மாண்டவர்களுக்கு நடுகல்லும் இல்லை, பதிவும் இல்லை. அந்த நடையை நினைவுகூர்ந்துதான் 2023ஆம் ஆண்டில், மலையகத்தின் 200 ஆண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்து வந்தார்கள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எமது மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் சட்டம் ஒரு வழி திறந்தது. ஆனால் திருமணமானவர் 7 ஆண்டும், மற்றவர் 10 ஆண்டும் இந்நாட்டில் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவரிடம் அதற்கு என்ன சான்று இருக்கும்? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கையில் பிரித்தார்கள். மீதமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாக ஏற்றன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை கிடைத்தது. ஒருவரிடம் கடதாசி இருக்கிறதா, இல்லையா என்பது இங்கே ஒரு குடும்பத்தின் தலைவிதியையே தீர்மானித்திருக்கிறது.

குடியுரிமை கிடைத்துவிட்டது, இனி என்ன குறை என்று சிலர் கேட்பார்கள். எழுதுமேசைக்கு வந்து பார்த்தால் தெரியும். ஒரே பெண்ணின் பெயர் பிறப்புச் சான்றிதழில் முத்துலெட்சுமி, அடையாள அட்டையில் முத்துலச்சுமி, செக்ரோலில் லெச்சுமி. தமிழ் தெரியாத ஒருவர் காதில் கேட்டபடி எழுதிய பெயர், ஆயுள் முழுவதும் அவரைத் துரத்துகிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு மாதந்தோறும் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும், தொழில் கொடுப்போரின் பங்காக 12 வீதமும் சேர்கிறது. பெண் ஒருவர் 50 வயதில் அதைப் பெறலாம். முப்பது வருடம் கொழுந்து பறித்துச் சேர்ந்த பணம் அது. பெயர் ஒத்துவரவில்லை என்றால், அவர்தான் இவர் என்று நிரூபிக்க ஒவ்வொரு காரியாலயமாக ஏறி இறங்க வேண்டும். போகும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போய்விடும், பஸ் காசும் போய்விடும்.

பிள்ளைகளின் நிலையும் அப்படித்தான். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதும் மாணவிக்கு அடையாள அட்டை வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இதெல்லாம் தெரியவந்தால் அந்தப் பிள்ளை படிப்பாளா, காரியாலயம் காரியாலயமாக அலைவாளா? அதோடு, பல தோட்டங்களில் லயக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்குப் போய்த்தான் வீட்டுக்கு வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம், நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கைக்குக் கிடைத்த பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம்.

இந்த வேலையில் அக்கா சில முறைகளை வைத்திருந்தார். மூலப் பத்திரத்தை ஒருபோதும் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார். பிரதி மட்டுமே எடுப்பார். எழுதி முடித்த படிவத்தை உரிய பெண்ணுக்கு முழுமையாக வாசித்துக் காட்டாமல் கையொப்பம் வாங்க மாட்டார். யாருக்காகவும் தனியாகக் காரியாலயம் போக மாட்டார். அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவார். கதவருகே நின்றுகொண்டு, நீயே கேளம்மா என்பார். இரண்டாம் முறை அந்தப் பெண் தனியாகப் போவார். மூன்றாம் முறை பக்கத்துக் காம்பராப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போவார். ஒவ்வொன்றையும் திகதியோடு கொப்பியில் குறித்து வைப்பார்: யார், என்ன தேவை, எந்தக் காரியாலயம், மீண்டும் எப்போது வரச் சொன்னார்கள். இன்று அந்தக் கொப்பிகள் முழுவதும் இந்த மேசையில் இருக்கின்றன. அவர் எமக்கு விட்டுச் செல்லும் சொத்து இதுதான்.

பெண்கள் கூடிச் செய்யும் சேவைக்கு இந்நாட்டில் நல்ல முன்மாதிரி உண்டு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1873இல் பிறந்து, 1896இல் இங்கு வந்து, ஒரு தமிழரின் வாழ்க்கைத் துணைவியான வைத்தியர் மேரி இரட்ணம், 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். தம் பிறந்த மாகாணத்தில் 1897இல் தோன்றிய கிராமப் பெண்கள் அமைப்பே அதற்கு வழிகாட்டி. கிராமத்துப் பெண்களே கூடி, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும் என்பது அவரது நோக்கம். அந்தச் சேவைக்காக 1958இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அவர் பிறந்த அந்த ஒன்ராறியோவுக்குத்தான் இப்போது எங்கள் அக்கா போகிறார். அங்கிருந்து வந்தவர் இங்கே வேரூன்றினார். இங்கிருந்து போகிறவரும் அங்கே சும்மா இருக்க மாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும்.

பிரியாவிடை மலையகத்துக்குப் புதிதல்ல. ஒப்பந்தக் காலத்தில் தலைமன்னாருக்குப் போன ரயிலை எமது மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். எங்கள் வகுப்புகளில் ஒரு தவணையில் இருந்த பிள்ளை அடுத்த தவணையில் இருக்கவில்லை. நீலகிரியிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருந்து இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளுக்கு இதை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்று போனவர்களைத் திரும்பி வாருங்கள் என்று சொல்ல முடியவில்லை. இன்று அக்காவிடம் அதைச் சொல்ல முடிகிறது.

இனி நாங்கள் உங்களிடம் கேட்பது. கழகத்திற்குப் பணம் வருகிறது, அனுப்புகிறவர்களுக்கு நன்றி. எமக்குக் குறைவாக இருப்பது ஆட்கள். தமிழும் சிங்களமும் வாசிக்கத் தெரிந்து, மாதத்தில் ஒரு சனிக்கிழமை இந்த மேசையில் இருக்கக்கூடியவர்கள் வேண்டும். தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் தங்கைமார், பிள்ளைகள் எட்டாம் ஆண்டில் இருக்கும்போதே பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பெயரையும் திகதியையும் பாருங்கள். திருத்துவதற்கு அப்போது காலம் இருக்கும். வெளிநாட்டிலும் இந்தியாவிலும் இருப்பவர்கள், பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரங்களைத் தேடிப் பாருங்கள். உங்கள் தாத்தாவின் ஒரு சான்றிதழ், இங்கே தங்கிவிட்ட சித்தப்பாவின் பேரப்பிள்ளைக்கு உதவக்கூடும்.

அக்கா எங்களிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: தான் போகுமுன் மேசைக்கு மூன்று பேர் வேண்டும் என்று. இன்றைய கூட்டத்தில் இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், சிறுமியாக இருந்தபோது தாயோடு இந்த மேசைக்கு வந்தவர், இப்போது ஆசிரியை. மூன்றாவது இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. இதை வாசிக்கும் ஒருவர் அதை நிரப்புவார் என்று நம்புகிறோம்.

அக்கா, கொப்பிகளைப் பொறுப்பேற்றுக்கொள்கிறோம். அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லி நீங்கள் குறித்து வைத்திருக்கும் நான்கு பேரும் வருவார்கள், நாங்களும் இருப்போம். சுகமாகப் போய் வாருங்கள்.